எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றினால் போதுமா? யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டு ஆக்கம் பற்றி

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய இளைஞர் வட்டம். வரும் பங்குனியில் யாழ்ப்பாணத்தில் ஒரு அரங்க ஆக்கம் செய்ய விரும்புகிறோம். அதற்கு உங்கள் யோசனை வேண்டும்.

மங்கள விளக்கு, வரவேற்புரை, பரதநாட்டியம், பொன்னாடை, நன்றியுரை என்று முடிகிற கலைவிழாக்கள் இங்கே நிறைய நடக்கின்றன. அவற்றில் குருநகரிலிருந்து ஒரு கூத்துக் குழு வந்து கொஞ்ச நேரம் ஆடும். ஒரு முஸ்லிம் பிள்ளை ஒரு பாட்டுப் பாடும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை நாலுபேர் மேடைக்குத் தூக்கிப் படம் எடுப்பார்கள். பிறகு எல்லாரும் தத்தம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த மூன்று தரப்பும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை கதைத்திருக்க மாட்டார்கள். அழைப்பிதழில் மட்டும் "பல்லினப் பண்பாட்டு விழா" என்று இருக்கும்.

எங்களுக்கு வேண்டியது அது இல்லை. வேறு வேறு வாழ்க்கையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றாக இருந்து, ஒரே ஆக்கத்தை முதல் எழுத்திலிருந்து சேர்ந்து செய்ய வேண்டும். கருப்பொருளாகக் கிணற்றை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோம். அதனால் கிணறு பற்றிக் கதை இல்லாத குடும்பம் இங்கே இல்லை. அள்ள விடாத கிணறு, இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன கிணறு, வலிகாமம் வடக்கில் காணி விடுபட்டபோது வீடே இல்லாத பற்றைக்குள் இதுதான் எங்கள் வளவு என்று அடையாளம் காட்டிய கிணறு, சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கலந்த கிணறு.

யாரை அழைக்கலாம், எங்கே செய்யலாம், எந்த மொழியில் செய்யலாம்? இதையெல்லாம் யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் எங்களுக்கு உண்டு.

பாஷையூர்க் கூத்தன்

தங்கச்சி, நல்ல யோசனை. நான் சின்ன வயதிலிருந்து கூத்து ஆடுகிறவன். எஸ்தாக்கியாரும் ஆடியிருக்கிறேன், ஞானசவுந்தரியும் ஆடியிருக்கிறேன். அதனால் சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கூத்தைத் துண்டு போடாதீர்கள். விடிய விடிய ஆடின ஒன்றை இருபது நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால், உடுப்பும் குதிப்பும்தான் மிஞ்சும். பார்க்கிறவர்களும் "கலர் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் கூத்துப் பழகுவது மாதக்கணக்கில் நடக்கும். முற்றத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு இருப்பார். கிழவிகள் சுற்றியிருந்து "அந்த அடி பிழை, உங்கள் பெரியப்பா இப்படி ஆடவில்லை" என்று திருத்துவார்கள். வெள்ளுடுப்பு என்கிற முழு ஒத்திகை நாள் வரும்போது பார்க்கிற சனத்துக்கே பாதிப் பாட்டு மனப்பாடம். அந்தப் பழகும் காலம்தான் கூத்து. மேடை அதன் கடைசி இரவு மட்டும். நீங்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்று எழுதியதால் சொல்கிறேன், அதற்கான முறை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, பங்குனி சரிவராது. அது எங்களுக்குத் தவக்காலம். திருப்பாடுகளின் காட்சிதான் அப்போது போடுவோம், வேறு கொண்டாட்டம் வைப்பதில்லை.

மூன்றாவது, நேரம். கடலுக்குப் போகிறவனை இரவு எட்டு மணிக்கு ஒத்திகைக்கு வா என்று கூப்பிட்டால் வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு வைத்தால் முழுக் குழுவும் வரும்.

ரொறன்ரோ இணுவிலான்

இங்கே கனடாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் முயற்சிக்கு என்னாலான பண உதவி செய்ய விருப்பம். நான் தவில் கேட்டு வளர்ந்த ஊரவன். தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இந்தியாவின் பெரிய வித்துவான்கள் தங்களுக்கு வாசிக்க அவரைத் தேடிக் கூப்பிட்ட காலம் அது.

எனக்கு இரண்டு கவலை. ஒன்று, எல்லாவற்றையும் கலந்தால் ஒன்றும் உருப்படியாக வராது. தவில் தவிலாக இருக்கட்டும், கூத்து கூத்தாக இருக்கட்டும். இங்கே எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் மிருதங்கம் பழகுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் காட்ட வேண்டியது சுத்தமான மரபு. மற்றது, கிணறு என்று தொடங்கினால் சாதிக் கதைதான் வரும். பழைய புண்ணைக் கிளறாமல் ஒற்றுமையைக் காட்டும் ஒரு கருப்பொருளை எடுக்கலாமே. பறையை வைத்துத் தொடங்குங்கள். அது தமிழரின் ஆதி இசை. எல்லாரையும் சேர்க்கும்.

மூன்றாம் தலைமுறை

ரொறன்ரோ அண்ணைக்கு மரியாதையோடு ஒரு பதில்.

என்னுடைய அப்பப்பா பறை அடித்தவர். கோயிலிலும் அடித்தார், செத்த வீட்டிலும் அடித்தார். கூப்பிட்டால் போக வேண்டும், போகாமல் விட அவருக்கு உரிமை இருக்கவில்லை. அறுபதுகளில் எங்கள் ஊர்ப் பெடியள் சேர்ந்து இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அது ஒரு கலை அழிந்த கதை இல்லை. மனிதர்கள் தலை நிமிர்ந்த கதை. இப்போது ஊர்வலங்களிலும் விழாக்களிலும் இளம் பிள்ளைகள் பறை அடித்து ஆடுவதைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் அடிக்கிறார்கள். எனக்கும் கால் ஆடும். ஆனால் அந்தத் தோலை யார் எதற்காகக் கீழே வைத்தார்கள் என்று மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

தீண்டாமைக்கு எதிரான சட்டம் இலங்கையில் 1957 இலேயே வந்துவிட்டது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைக்குள் இருந்து குடிப்பதற்கே சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று ஊர் ஊராக அழவைத்த அதே காலம்தான். அரசனின் துன்பத்துக்கு அழுத சனம், பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றில் வாளி போடுவதைத் தடுத்தது.

ஆகவே கிணறு என்ற கருப்பொருளை மாற்ற வேண்டாம். பறையை வைப்பதா இல்லையா என்பதை அந்தக் குடும்பங்களிடம் கேளுங்கள். சிலர் அடிக்க விரும்புவார்கள். சிலர் அதன் பெயரையே கேட்க விரும்பமாட்டார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்துசந்தி

நான் சோனகத் தெருவில் பிறந்தவன், புத்தளத்தில் வளர்ந்தவன், இப்போது திரும்பவும் இங்கே.

1990 ஒக்டோபர் 30 இல் எங்களை யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம்தான் தந்தார்கள். வடக்கு முழுக்கவிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான சனம் மழையில் செம்மணி, நாவற்குழி தாண்டி நடந்தது. அந்தத் திகதியை யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே திகதியில் முதலில் நடந்து போனவர்கள் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இதை யாரையும் குற்றவாளியாக்குவதற்காக எழுதவில்லை. கலை என்றால், இந்த இரண்டு நாட்களையும் ஒரே முற்றத்தில் வைக்க முடிய வேண்டும். என் உம்மாவும் வலிகாமத்தில் ஒரு அம்மாவும் தங்கள் கிணற்றடியை வர்ணித்தால், யார் எந்தச் சமூகம் என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முஸ்லிம்கள் என்றால் கஸீதாப் பாட்டும் பிரியாணியும் என்று எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்குவார்கள். முகையித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர். இலங்கைக் குடியியல் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், ஏ.எம்.ஏ. அசீஸ், 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்து வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்தவர். நாங்கள் இந்த ஊரின் தமிழுக்கு விருந்தாளிகளாக வந்தவர்கள் இல்லை. எழுதுகிற இடத்தில் எங்களை இருத்துங்கள்.

பங்குனி பற்றி: நோன்பும் இப்போது மாசி, பங்குனிப் பக்கம்தான் வருகிறது. மற்ற மாதங்களிலும் நிகழ்ச்சியைப் பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால், பொழுதுபட்டதும் தொழும் மஃரிப் தொழுகை நேரத்தோடு மோதும். ஏழுக்கு வையுங்கள்.

அரங்கப்பிள்ளை

நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள் என்ற வகையில் கொஞ்சம் எழுதலாமா?

சேர்ந்து செய்யும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிது இல்லை. மரியசேவியர் அடிகள் 1965 இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். தேவாலயத்தோடு பிறந்த அமைப்பு அது. ஆனால் சைவப் பிள்ளைகளும் அங்கே போய் ஆடிப் பாடி வளர்ந்தார்கள். 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது, விளையாட்டிலிருந்தும் நடிகரின் உடம்பிலிருந்தும் தொடங்கும் ஒரு முறை இங்கே வேரூன்றியது. 1985 இல் வந்த அவருடைய 'மண் சுமந்த மேனியர்' அந்தக் காலத்துச் சனத்தின் வாழ்க்கையையே மேடைக்குக் கொண்டுவந்தது.

ரொறன்ரோ அண்ணையின் முதல் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு தாளத்தை அரைகுறையாகப் பழகி இன்னொன்றோடு ஒட்டினால் இரண்டும் கெடும். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து முறைகளைக் கலப்பதற்கே அண்ணாவிமார் யோசிப்பார்கள். ஆனால் மரபு என்று நாம் சொல்கிற எல்லாமே ஒரு காலத்தில் கலந்ததுதான். பார்சி நாடகம் தமிழ்நாட்டு வழியாக இங்கே வந்துதான் எங்கள் இசை நாடகம் ஆனது. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கத்தோலிக்கப் புனிதர்களின் கதை தரு, விருத்தம் என்ற கூத்துப் பாட்டுகளில் ஏறியது.

என் யோசனை இது. நாடகக் கொப்பி எழுதாமல் தொடங்குங்கள். முதலில் கதைகளை மட்டும் சேருங்கள். ஒவ்வொருவரும் தன் கிணற்றைச் சொல்லட்டும். சொன்னவரே நடிக்க வேண்டும் என்று இல்லை. தன் கதையை வேறொருவர் ஆடுவதைப் பார்க்கும்போது, "அப்படியில்லை, நான் அந்த இடத்தில் திரும்பிப் பார்க்கவில்லை" என்று சொல்லுவார். அந்தத் திருத்தத்தில்தான் மற்றவரின் வாழ்க்கை நடிகருக்குள் இறங்கும். பாஷையூர்க் கிழவிகள் செய்வதும் அதுதான்.

வெண்பிரம்பு

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பானின் உதவியோடு இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் பேச்சு இதுவரை படத்துக்காகத் தூக்கி வைப்பதோடு நிற்கிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்லுகிறேன்.

கூத்து என்னைப்போன்றவர்களுக்குத் தானாகவே திறந்திருக்கும் கலை. நவீன நாடகத்தில் ஒருவர் பேசாமல் நடந்து வந்து நாற்காலியில் இருப்பார். சபை சிரிக்கும். எதற்கென்று எனக்குத் தெரியாது. கூத்தில் அப்படி இல்லை. கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்று சொல்லுவான். வரவுப் பாட்டில் அரசனே தன் பெயரையும் நாட்டையும் பெருமையையும் பாடுவான். பிற்பாட்டுக்காரர் அதையே திரும்பப் பாடுவார்கள். சலங்கையின் சத்தத்திலேயே வருவது அரசனா, வேடனா, பெண்ணா என்று தெரிந்துவிடும். ஆகவே எங்களுக்காகத் தனியாக ஒருவரை வைத்து விபரிக்கச் சொல்லத் தேவையில்லை. வரவு முறையை உங்கள் ஆக்கம் முழுவதற்கும் எடுத்தாலே போதும். தொடங்க முன்னர் ஒரு அரை மணி நேரம் எங்களை மேடைக்கு விட்டு முடியையும் வாளையும் உடுப்பையும் தொட்டுப் பார்க்கவிட்டால் இன்னும் நல்லது.

காது கேளாதவர்களுக்கு வேறு. கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை மேடை ஓரத்து இருட்டில் நிறுத்தினால் பயனில்லை. அவருக்குத் தனி வெளிச்சம் வேண்டும். சீமெந்துத் தரையைவிடப் பலகை மேடை நல்லது. மத்தளத்தின் அடி பலகை வழியாகக் காலுக்கு வரும். அதைப் பிடித்து ஆடக்கூடியவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

மண்டபம் பற்றி. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வசதி வேண்டும் என்ற விதிகள் 2006 இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்றது. இவ்வளவுக்குப் பிறகும் பல மண்டபங்களில் வாசலுக்கு மட்டும் சாய்தளம், மேடைக்கு ஏழெட்டுப் படி. அதாவது நாங்கள் பார்க்க வரலாம், ஆட வரக்கூடாது. போர் எத்தனை பேரின் காலை எடுத்த மண் இது! ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு. மேடை மூன்றடி என்றால் முப்பத்தாறு அடி வேண்டும். அதற்கு இடமுள்ள இடத்தைப் பாருங்கள், அல்லது மேடையே வேண்டாம், சனம் சுற்றியிருக்கத் தரையில் வட்டக்களரியாக ஆடுங்கள்.

கிணற்றடி

வெண்பிரம்பு ஐயா, வரவு பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். முழு ஆக்கத்துக்கும் அதுவே முதுகெலும்பாக இருக்கலாம். ஒவ்வொரு பாத்திரமும் தான் யார், எந்தக் கிணற்றடியிலிருந்து வருகிறேன் என்று பாடிக்கொண்டு உள்ளே வரட்டும்.

மாதத்தை ஆனிக்கு மாற்றுகிறோம். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையத்தில் வசதிகள் உண்டு. ஆனால் அறுநூறு இருக்கை கொண்ட அந்த அரங்கத்துக்குள் வரத் தயங்குகிற சனம்தான் எங்களுக்கு முக்கியம். முற்றவெளி அல்லது ஒரு பள்ளிக்கூட மைதானம் என்று யோசிக்கிறோம். கோயில் வளவோ தேவாலய வளவோ வேண்டாம் என்பதில் வட்டத்தில் எல்லாரும் ஒரே கருத்து.

சிங்கள மாணவர்களையும் அழைக்கலாமா என்பதில்தான் எங்களுக்குள் முடிவு வரவில்லை.

விஞ்ஞானபீடம்

அதைப் பற்றி நான் சொல்ல வேண்டும். 2016 ஜூலையில் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். புதுமுக மாணவர் வரவேற்பில் நாதஸ்வரம், தவிலோடு கண்டிய நடனமும் வர வேண்டும் என்று சிங்கள மாணவர்கள் கேட்டார்கள். தமிழ் மாணவர்கள் மறுத்தார்கள். வாக்குவாதம் கைகலப்பாகிக் காயம்பட்டார்கள். பல்கலைக்கழகமே கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு மேளத்துக்காகச் சண்டை என்று தோன்றியிருக்கும். உள்ளே இருந்தவர்களுக்கு அது யாருடைய வாசல் என்ற கேள்வி. யாழ்ப்பாணத்தில் இராணுவ முகாம் வாசலைத் தாண்டி வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குக் கண்டிய மேளம் வெறும் மேளமாகக் கேட்காது. ஊரைவிட்டுத் தூர வந்து, மொழி தெரியாமல், விரிவுரைக்கு வெளியே ஒருவரோடும் கதைக்க முடியாமல் இருந்த சிங்களப் பிள்ளைக்குத் தன்னுடையது ஒன்றாவது அந்த ஊர்வலத்தில் வேண்டும் என்றிருந்தது. இரண்டும் எனக்கு விளங்கியது. எங்களுக்குள் ஒருவரும் அதற்கு முன் சேர்ந்திருந்து இதைக் கதைத்ததில்லை என்பதுதான் வேதனை.

அழையுங்கள். ஆனால் நடனக் குழுவாக அழைக்காதீர்கள். கதை கேட்கிற கட்டத்துக்கே அழையுங்கள். எங்கள் கூத்தில் கண்டியரசன் கதை உண்டு. 1815 இல் பிரித்தானியர் பிடித்து வேலூருக்கு நாடுகடத்திய கடைசி அரசன். அவன் தன் அமைச்சன் எகலப்பொலையின் பிள்ளையை உரலில் இட்டு இடிக்கச் சொன்ன கதையை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், நாங்கள் கூத்தில் பார்த்து அழுகிறோம். கதைக்கத் தொடங்க அது ஒரு வழி.

பாஷையூர்க் கூத்தன்

தம்பி, கண்டியரசனை நானும் ஆடியிருக்கிறேன். அது வேறு. நல்லிணக்கம் என்று சொல்லி எங்களை எத்தனை மேடையில் ஏற்றியிருப்பார்கள்! கையைக் கோர்த்து நிற்கச் சொல்லுவார்கள், படம் எடுப்பார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் வீதியோரத்தில் அப்படியே இருக்கிறார்கள். அந்தத் தாய்க்குப் பதில் இல்லாமல் சேர்ந்து ஆடச் சொன்னால் என் கால் எழும்பாது. வருகிற சிங்களப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் முதலில் அந்த வீதியோரத்தில் வந்து இருக்கட்டும். பிறகு பார்ப்போம்.

விஞ்ஞானபீடம்

அண்ணை, அதை நான் மறுக்கவில்லை. அப்படி வந்து இருந்தவர்களும் சிலர் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு. அவர்களிலிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

தருமபுரத்தான்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சிங்களவரைக் கூப்பிடுவதா என்று விவாதிக்கிறீர்கள். தமிழருக்குள்ளேயே எங்களை ஒருவரும் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்தபோது எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். காடு வெட்டிக் கிணறு தோண்டி அந்த மண்ணைப் பயிர் நிலமாக்கியவர்கள் எங்கள் தாத்தாமார். இன்றும் காணிப் பத்திரம் இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

எங்களிடம் காமன் கூத்து இருக்கிறது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும். அதற்கு மேடை கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போகும், தோட்டமே ஆடும். தப்பு என்ற தோல் மேளம் அடிப்போம். மேலே ஒரு சகோதரி பறை பற்றி எழுதியதைப் படித்தேன். எங்கள் ஆட்களுக்குத் தப்பு பெருமை. அவருக்கு வலி. இதை இரண்டு பேரும் இருந்து கதைக்க எனக்கு விருப்பம்.

பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம் என்பது மட்டும் என் நிபந்தனை. மேடையில் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேச வேண்டும் என்று சொன்னால் நாங்கள் வரமாட்டோம்.

சந்திரமதி

நான் திருநங்கை. ஒரு விஷயம் மட்டும்.

கூத்திலும் இசை நாடகத்திலும் பெரும்பாலும் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். சேலை நுனியைப் பிடித்து நடக்கும் நடைக்கு ஊரே கை தட்டியது. பெயர் பெற்ற பெண் வேஷக்காரரைத் தேடி வந்து கூட்டிப் போனார்கள். நான் அதே சேலையோடு ஆஸ்பத்திரி வீதியில் நடந்தால் கூவுகிறார்கள். வீடு வாடகைக்குத் தருகிறார்கள் இல்லை. என் கிணறு நான் பிறந்த வளவில் இருக்கிறது, அந்த வளவுக்கு நான் போக முடியாது.

என்னைத் திருநங்கை பாத்திரத்துக்காகக் கூப்பிடாதீர்கள். எனக்கு நன்றாகப் பாட வரும். பாட்டுக்காகக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் தலைமுறை

சந்திரமதி அக்கா, நான் போகிற குழுவில் நீங்கள் இருக்க வேண்டும்.

தருமபுரத்து அண்ணாவுக்கு: கதைப்போம். ஒத்துப்போகாமலும் இருக்கலாம், ஆனாலும் கதைப்போம்.

பணத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மண்டபக்காரருக்குக் காசு, ஒலி அமைப்பாளருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு. கலைஞருக்கு மட்டும் பொன்னாடை. கூலி வேலையை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வருகிறவருக்கு அந்த நாள் சம்பளம் போகிறது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் பஸ் காசும் நாள் கூலியும் வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு, அண்ணாவியாருக்கும் விரிவுரையாளருக்கும் சேர்த்து. நெடுந்தீவிலிருந்து வருபவருக்குப் பகல் படகுதான் வசதி, அவருக்கு இரவு தங்க இடமும் வேண்டும். பெண்கள் இரவில் வீடு திரும்ப வாகனம் வேண்டும். இதற்குக் காசு இல்லையென்றால் ஒலி அமைப்பைக் குறையுங்கள்.

ரொறன்ரோ இணுவிலான்

எல்லாவற்றையும் படித்தேன். கலப்பு பற்றி என் கருத்து மாறவில்லை. தவிலைப் பின்னணிச் சத்தமாக வைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. வாசிப்பவருக்குத் தனியாவர்த்தனத்துக்கு நேரம் கொடுங்கள், அவர் கிணறு பற்றி வாசிக்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஆனால் பறை பற்றிச் சகோதரி எழுதியது எனக்குத் தெரியாத வரலாறு இல்லை, என் வீட்டில் பேசாத வரலாறு. என் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பணத்துக்கு நிபந்தனை இல்லை. நாள் கூலிக்கும் போக்குவரத்துக்கும் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிணற்றடி

எல்லாருக்கும் நன்றி. எங்கள் வட்டம் இருந்து கதைத்து எடுத்த முடிவுகள் இவை.

இனித் தீர்மானங்களை நாங்கள் மட்டும் எடுக்க மாட்டோம். இந்த இழையில் எழுதிய ஒவ்வொரு தரப்பிலிருந்தும் விரும்பும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். கதை யாருடையதோ, அதை மேடையில் வைப்பதா வேண்டாமா என்ற கடைசிச் சொல்லும் அவருடையது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஞாயிறு பகலில் கதை கேட்டல் மட்டும். கொப்பி கிடையாது, படம் எடுப்பது கிடையாது. ஆனியில் தரையில் வட்டக்களரி, இரவு ஏழு மணிக்குத் தொடக்கம், முதல் பாடல் வரவு. அவரவர் பேச்சு வழக்கிலேயே பேசலாம். நாள் கூலி எல்லாருக்கும் சமம்.

பறை பற்றி இப்போது முடிவு இல்லை. சிங்கள மாணவர்கள் பற்றி: விஞ்ஞானபீடம் சொன்னவர்களில் இருவர் கதை கேட்க வர விரும்புகிறார்கள் என்று செய்தி வந்தது. பாஷையூர் அண்ணையின் சொல்லை அவர்களுக்கு அப்படியே சொல்லியிருக்கிறோம்.

பாஷையூர்க் கூத்தன்

சரி தங்கச்சி. அவர்கள் தாய்மாரிடம் போவதாக இருந்தால் நானும் கூடப் போகிறேன். மொழிபெயர்க்க ஒரு ஆள் பாருங்கள். வட்டக்களரிக்கு நிலம் மட்டமாக வேண்டும், கல்லும் முள்ளும் இருந்தால் வெறுங்காலோடு ஆட முடியாது. மைதானத்தை முதலில் நானும் அண்ணாவியாரும் வந்து பார்க்கிறோம். வெண்பிரம்பு ஐயாவின் நண்பர்களுக்குப் பலகை போடுவதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் போட்டால் சரிவராது. வட்டம் முழுக்கப் போட வேண்டும், இல்லாவிட்டால் தாளம் மாறும். எங்கள் பக்கத்தில் வள்ளம் கட்டுகிற ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். பலகைக்கு அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஐந்துசந்தி

பலகை போதாவிட்டால் சொல்லுங்கள் அண்ணை. எங்கள் தெருவில் மரக்கடை வைத்திருப்பவர் என் மச்சான். நாலு நாளைக்கு இரவல் தருவார்.